மேளத்தின் பின்னால் போன செருப்புகள்

சுண்டங்குறிச்சி மேலத்தெருவில் இருந்த அத்தனை செருப்புகளும், தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, கல்யாணத்துக்கு எடுத்துப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்த வெல்வெட் செருப்பு, செத்துப்போனவர்களின் ஞாபகமாகப் பரணில் கிடந்த மிதியடி உள்பட, ஒரு சித்திரை மாதத்துப் பட்டப்பகலில் பூதத்தானின் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக நடந்து கீழத்தெருவுக்குப் போயின, போனவை ஒரு வருஷத்துக்குத் திரும்பவில்லை. இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை, அதற்கு நேரமில்லை. இதனால் நம்ம தெருவுக்கு எவ்வளவு கௌரவக் குறைச்சல் என்று கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

நானும் அந்த மேலத்தெருக்காரன்தான். கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறேன். என் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும் என்பதால் ஊர்க்கூட்டத் தீர்மானங்களையும் என்னையே எழுதச் சொல்வார்கள். எங்கள் ஊர் இருபது வருஷமாகச் செய்த அசட்டுத்தனம் முழுவதும் என் கையெழுத்தில் கோயில் பீரோவுக்குள் இருக்கிறது, அந்த வகையில் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

முதலில் பூதத்தான் வீட்டாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு தலைமுறைக்கு முன்னால் மாடக்கண்ணு என்ற நாதஸ்வரக்காரர் பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வாசிக்க, எங்கள் ஊர்ச் சனம் நம்ம கொடையை அம்போவென்று விட்டுவிட்டு அங்கே போய் நின்று கேட்டது. முப்பிடாதி அம்மனுக்கு முன்னால் பூசாரியும் ஒரு கிடாயும் மட்டும்தான் மிஞ்சினார்கள். அந்த அவமானம் தாங்காமல் மேலத்தெருப் பெரியவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய், மாடக்கண்ணுவையும் அவர் பெண்டுபிள்ளைகளையும் நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமியோடு ஏற்றிக்கொண்டு வந்து, கீழத்தெருவில் கோயில் நிலத்தில் ஒரு மனையைக் காட்டி, இங்கே குடியிரு, எங்கள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வந்து கொட்டு என்றார்கள். மேலத்தெருவுக்குள் வரும்போது காலில் செருப்பு இருக்கக் கூடாது, மேலில் சட்டை இருக்கக் கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும், எங்கேயும் உட்காரக் கூடாது, மேளம் என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு மனையைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். இத்தனையையும் சொல்லிவிட்டு, உன்னைப் போல ஒரு வித்துவான் கிடைத்தது எங்கள் பாக்கியம் என்று கண்கலங்கவும் செய்தார்களாம். அது எங்கள் ஆட்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த திறமை.

மாடக்கண்ணு மகன் வேலாண்டி கொழும்புக்குப் போய் ஒரு நாடகக் கம்பெனியில் மூன்று வருஷம் வாசித்துவிட்டு, காலில் பளபளவென்று பூட்ஸோடு ஊர் வந்து இறங்கினார். மேலத்தெருவார் அவரை அடிக்கவில்லை, பண்பானவர்கள் அல்லவா. பூட்ஸின் கயிறுகள் இரண்டையும் சேர்த்து முடிந்து அவர் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டு, அப்படியே அம்மன் சப்பரத்துக்கு முன்னால் வாசிக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஒருத்தர் வாசித்ததில்லை என்று என் தாத்தா சப்புக்கொட்டிச் சொல்வார், பூட்ஸைப் பற்றிச் சொல்லும்போது ஏதோ பதக்கம் தொங்கியதைப் போலச் சொல்வார். வேலாண்டி மகன் சிவனு நின்றபடியே செத்தவர். காய்ச்சலோடு வந்தவர், உட்காரக் கூடாதே என்று சப்பரத்தின் கட்டையில் சாய்ந்து வாசித்துக்கொண்டிருந்தார், சத்தம் நின்ற பிறகும் ஆள் விழவில்லை, சப்பரம் அடுத்த தெருவுக்கு நகர்ந்தபோதுதான் விழுந்தார். ஊர் பரிகாரமாக ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தது.

அந்தச் சிவனுவின் மகன்தான் பூதத்தான். இப்போது நான் 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் தெருவில் பேச ஆரம்பித்த பிள்ளைகூட அவரை 'அவன்' என்றுதான் சொல்லும். மனைவி இறந்து வெகுகாலம். ஒரே மகள் பிரம்மசக்தி, எல்லோருக்கும் பிரமு, முப்பது வயது, அப்பாவுக்கு அவள்தான் தவில். செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலுக்கு வாசிக்க வரும்போது, மேலத்தெரு எல்லையில் நிற்கிற உடைமரத்தடியில் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்த வீட்டில் ஒரு சின்ன மெட்டு உண்டு, மாடக்கண்ணு காலத்திலிருந்து வருவது. கொடை முடிந்ததும் மேளக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் அசந்து கிடப்பார்கள், சிலர் சாராய மயக்கத்தில் இருப்பார்கள். அவர்களைத் திரட்டி வீட்டுக்குக் கூட்டிப்போக நாதஸ்வரக்காரர் அந்த மெட்டை ஊதுவார். அதைக் கேட்டால் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்து பின்னால் நடந்துவிட வேண்டும், எங்கே ஏன் என்று கேட்கக் கூடாது. வீட்டு மெட்டு என்று அதற்குப் பேர். ஊதும்போது நாதஸ்வரத்தின் வாய் மேலே பார்த்திருக்க வேண்டும், ஒருபோதும் தரையைப் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டு.

பூதத்தானுக்குச் சர்க்கரை வியாதி வந்து இடது உள்ளங்காலில் உணர்வு செத்துப்போயிற்று. ஒரு முள் குத்தினாலும் ஆறாது, இனிமேல் செருப்பில்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூதத்தான் கோயில் தர்மகர்த்தா அணைஞ்சபெருமாளிடம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரு ரப்பர் செருப்பு மட்டும் போட்டுக்கொள்ள உத்தரவு கேட்டார். அணைஞ்சபெருமாள் எங்களில் படித்தவர், மெதுவாகப் பேசுகிறவர். இது அம்மன் நடமாடுகிற மண், இந்த மண் பட்டால் வியாதி தீருமே தவிர வராது என்று விளக்கிச் சொல்லி, கொஞ்சம் திருநீறும் கொடுத்து அனுப்பினார். அந்த மண்ணின் மேல் முந்தின மாதம்தான் பஞ்சாயத்தில் தார் போட்டிருந்தார்கள்.

சித்திரைக் கொடையன்று உச்சிவேளையில் சப்பரம் கிளம்பியது. தார் இளகிக் கிடந்தது, நாங்கள் செருப்புக் காலோடு ஓரத்து நிழலில் ஒதுங்கி நடந்தோம், பூதத்தான் நடுரோட்டில் இரண்டு மணி நேரம் வாசித்துக்கொண்டு போனார். கால் சுடுவது அவருக்குத் தெரியவில்லை. பின்னால் தவில் அடித்து வந்த பிரமுதான் தாரில் அப்பாவின் இடது காலடிகள் ஒவ்வொன்றும் சிவப்பாகப் பதிவதைப் பார்த்துவிட்டுத் தவிலடியை நிறுத்தினாள். கோயில் வாசலுக்கு வந்ததும் பூதத்தான் குனிந்து பார்த்தார், பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். உட்கார அவருக்குக் கிடைத்த இடம், சாமி கும்பிடப் போனவர்கள் கழற்றிப் போட்ட செருப்புக் குவியல். உடனே நாலு பேர் அதட்ட ஆரம்பித்தார்கள், எழுந்திரு, உட்காராதே, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முறை தெரியாதா என்று. வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்து, தலையைத் தூக்கத் தெம்பில்லாமல், காலைப் பார்த்தபடியே, நாதஸ்வரத்தின் வாய் செருப்புகளைப் பார்க்க, அவர் அந்த வீட்டு மெட்டை ஊதினார்.

முதலில் எழுந்தது அணைஞ்சபெருமாளின் தோல் செருப்பு. பிறகு மற்றவை எழுந்தன, பிறகு வீடுகளில் கிடந்தவை, கட்டிலுக்கு அடியிலிருந்தும் மாட்டுத்தொழுவத்திலிருந்தும் வெளியே வந்து, வெயிலில் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. காலில் போட்டிருந்தவர்கள் கால் வழுக்கி விழுந்தார்கள், நானும் விழுந்தேன், சங்கரன்கோவில் சந்தையில் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத செருப்பு. பிரமு அப்பாவைத் தாங்கி நடத்திக்கொண்டு போனாள். உடைமரத்தடியில் பூதத்தான் தன்னுடைய பழைய டயர் செருப்பை மாட்டிக்கொள்ளும் வரைக்கும் அத்தனை செருப்புகளும் பொறுமையாக நின்றன, மாட்டிக்கொண்டதும் அந்த டயர் செருப்புக்குப் பின்னால் நடந்து கீழத்தெருவுக்குப் போய், அவர் வாசலைப் பார்த்தபடி வரிசையாக நின்றுகொண்டன.

அடுத்த ஒரு மாதம் எங்கள் தெருவார் காட்டிய சுறுசுறுப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை. சாக்கு கொண்டுபோய்ச் செருப்புகளை அள்ளி வண்டியில் ஏற்றி வந்தோம், பொழுது சாய்வதற்குள் அவை சாக்கைப் பிரித்துக்கொண்டு திரும்பிப் போயின. டவுனில் புதுச் செருப்பு வாங்கிப் போட்டு வந்தோம், உடைமரத்தைத் தாண்டும்போது அதுவும் காலைவிட்டு நழுவி, மரியாதையாக ஓரமாக ஒதுங்கி, கீழத்தெருவைப் பார்த்து நடந்தது. திருட்டு வழக்குக் கொடுத்தோம். விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பூட்ஸ் தானாகவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிற்று. இதில் திருடியவர் யார் என்று எழுதுவது என்று கேட்டுவிட்டு அவர் காலுறையோடு ஜீப்பில் ஏறிப் போனார்.

இதற்குள் ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பூதத்தான் செருப்புப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தால் எங்கள் செருப்புகளும் பஸ் நிறுத்தம்வரை பின்னால் போய் வழியனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை அங்கேயே நின்றன. செவ்வாய்க்கிழமை அவர் உடைமரத்தடியில் செருப்பைக் கழற்றும்போது அவையும் அங்கேயே நின்றுவிட்டன. அவர் செருப்பை மட்டும் ஒரு கூடையில் வைத்து மேலத்தெருவுக்குத் தூக்கி வந்து பார்த்தோம், ஒன்றும் அசையவில்லை. எங்கள் பையன் ஒருத்தனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து அந்தச் செருப்பை மாட்டி நடக்கச் சொன்னோம், ஒன்றும் அசையவில்லை. பூதத்தான் காலில் பூதத்தான் செருப்பு இருக்க வேண்டும், அது மேலத்தெருவுக்குள் வர வேண்டும், வந்தால் எல்லாம் வந்துவிடும்.

கூட்டம் போட்டோம். பிரமு வந்து கூட்டத்துக்கு வெளியே நின்றாள். அப்பாவின் கால் புண் கட்டைவிரலுக்கு ஏறிவிட்டது, ஆனாலும் வாசிப்பை நிறுத்தினால் மனை போய்விடும், ஆகவே செவ்வாய் தவறாமல் வெறுங்காலோடு வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அணைஞ்சபெருமாளைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"அய்யா, எங்கப்பாவ செருப்புப் போட்டு இந்தத் தெருவுல ஒரு வாட்டி நடக்க விடுங்க. ஒங்க செருப்பு பூரா பின்னாடியே வந்துரும். அவரு காலும் நிக்கும்."

அணைஞ்சபெருமாள் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிப்பது பார்க்க அழகாக இருக்கும்.

"நாங்க வெறுங்காலோட நடந்துக்கிடுதோம் பிள்ள. அவன் செருப்போட வரப்பிடாது."

யாராவது மறுத்துப் பேச விரும்பினால் கை தூக்கலாம் என்று சொன்னார்கள். நூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்திருந்தோம், எல்லோருடைய உள்ளங்காலிலும் கொப்புளம், ஒரு கையும் எழவில்லை. என் வலது கையில் பேனா இருந்தது, அதனால்தான் தூக்கவில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கே சொல்லிக்கொண்டேன். இடது கை சும்மாதான் இருந்தது. தீர்மானத்தை நல்ல கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அதன் பிறகு வெறுங்கால் எங்கள் ஊரின் பெருமையாயிற்று. செருப்பு போகவில்லை, நாங்கள்தான் அம்மனுக்கு நேர்ந்து துறந்துவிட்டோம் என்று முதலில் பெண்டுகளிடம் சொன்னோம், பிறகு பக்கத்து ஊரில் சொன்னோம், பிறகு நாங்களே நம்பிவிட்டோம். உடைமரத்தில் ஒரு பலகை அடித்து, இது தெய்வம் உலவும் பூமி, பாதரட்சையைத் துறந்து வருக என்று எழுதினோம், எழுதியது நான்தான். டிவியிலிருந்து வந்து அணைஞ்சபெருமாளின் வெடித்த குதிகாலைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தார்கள். அடுத்த மாதமே வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து எங்கள் கால் மண்ணை எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். முள் குத்திச் சீழ் பிடித்தால் அது சோதனை, தேள் கொட்டினால் அது அனுக்கிரகம், கண்ணாடிச் சில்லு ஏறி ஒருத்தர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு மாலை போட்டு வந்தோம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஆணியில் ஒரு முள்வாங்கி தொங்கியது. எந்த ரோட்டில் நடந்து பூதத்தானின் கால் புண்ணானதோ அதே ரோட்டில் நாங்களும் அதே வெறுங்காலோடு நடந்தோம், ஐயோ அந்த ஆளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றியிருக்க வேண்டுமே, தோன்றவில்லை.

கீழத்தெருவில் பிரமு அந்தச் செருப்புகளை வந்து தங்கிய விருந்தாளிகளைப் போலப் பார்த்துக்கொண்டாள். மழை வந்தால் தார்ப்பாயை விரித்தாள், நாயை விரட்டினாள், நடுவில் ஆள் நடக்க வழி ஒதுக்கினாள். யாராவது எட்டிப் பார்த்தால், எடுத்துக்கொண்டு போங்க அய்யா, யாரு வேண்டாங்கா என்று சொல்வாள். அவள் கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பூதத்தானின் கட்டைவிரலை ஆடியில் எடுத்தார்கள், பாதத்தைத் தையில் எடுத்தார்கள், அடுத்த சித்திரைக்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் போன பிறகும் அவர் செவ்வாய்க்கிழமை வந்தார், துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார், அந்தத் துணி செருப்புக் கணக்கில் சேருமா என்று எங்களில் இரண்டு பேர் சந்தேகம் எழுப்பினார்கள். பாதமும் போன பிறகுதான் ஊர் இரக்கப்பட்டு, தேறும்வரை வர வேண்டாம், மனைக்கும் ஒன்றும் வராது என்று சொல்லி அனுப்பியது. கடைசியாக எடுத்த காலை ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிப் பிரமுவிடம் கொடுத்தார்கள். அவள் அதைக் கீழத்தெருச் சுடுகாட்டில் குழிதோண்டிப் புதைத்தாள். அந்த வீட்டில் கொட்டுமேளம் இல்லாமல் யாரையும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை என்பதால், மண்ணைத் தள்ளிவிட்டுத் தவிலை எடுத்து மாட்டி, தனியாக நின்று ஒரு காலுக்கு மேளம் அடித்தாள். அந்தச் சத்தம் மேலத்தெருவரை கேட்டது. ஊர் சார்பில் நாங்கள் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆறு சாத்துக்குடியும் அனுப்பினோம்.

எங்கள் துறவு இப்படியே நிலைத்திருக்கும், அணைஞ்சபெருமாள் மகனுக்கு மதுரையில் பெண் அமையாமல் இருந்திருந்தால். பெண்வீட்டார் வசதியானவர்கள், அவர்கள் வீட்டுப் பெண் முள்ளில் நடக்க மாட்டாள், சம்பந்திகள் ரோட்டில் வெறுங்காலோடு நிற்க மாட்டார்கள், செருப்புப் போட முடியாத ஊரில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெய்வம் உலவும் பூமி என்று விளக்கிப் பார்த்ததற்கு, உலவட்டும், நாங்கள் உலவ மாட்டோம் என்றார்கள். மறுபடி கூட்டம் போட்டோம். அணைஞ்சபெருமாள் மறுபடி கண்ணை மூடினார், வெகுநேரம் மூடியிருந்தார், திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது. இப்போது பூதத்தானுக்கு ஒரு கால்தானே, ஒரு கால் என்றால் ஒரு செருப்பு, ஒற்றைச் செருப்பைச் செருப்புப் போட்டதாக எந்த முறையிலும் சொல்ல முடியாது, ஆகவே முறையும் கெடாது செருப்பும் வந்துவிடும் என்றார். கூட்டம் கைதட்டியது. நான் எழுதினேன்.

ஐந்து பேர் கீழத்தெருவுக்குப் போனோம், எங்கள் செருப்புகளுக்கு நடுவே பிரமு ஒதுக்கியிருந்த வழியில் ஒருவர் பின் ஒருவராக நடந்து. பூதத்தான் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்து எழவில்லை, எழ முடியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது. அணைஞ்சபெருமாள் ஒரு பட்டத்தை அறிவிக்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார். பிரமு அப்பாவிடம், நீங்க போக வேண்டாம்பா என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டாள். பூதத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஒரு வருசத்துக்கு முன்னால இதச் சொல்லிருந்தா ரெண்டு காலோட வந்திருப்பேன், அய்யா."

"அப்ப ரெண்டு செருப்புல்லா இருந்துச்சு" என்றார் அணைஞ்சபெருமாள்.

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வது மாதிரி, நியாயமாகத்தான் சொன்னார். பூதத்தான் மகள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நம்ம வீட்டுல நாலு தலைமுறையா ஒருத்தரும் அந்தத் தெருவுல செருப்புக் காலோட நடந்ததில்ல தாயி. ஒத்தக் காலானாலும் நான் நடந்துட்டு வாரேன்."

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். கக்கத்தில் ஊன்றுகட்டையை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் நாதஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் டயர் செருப்போடு, பக்கத்தில் பிரமு தவிலோடு. சட்டை போட்டிருந்தார். துண்டு தோளில் கிடந்தது. செருப்பு வந்து சேரட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். உடைமரத்தைத் தாண்டினார், நாங்கள் அடித்த பலகையைத் தாண்டினார், எந்த ரோட்டில் அவர் தோல் உரிந்ததோ அந்த ரோட்டில் செருப்புக் காலை வைத்தார். வாசித்தார் பாருங்கள். நான் அவ்வளவு வருஷம் அவர் வாசிப்பைக் கேட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது பொய். மேலத்தெரு முழுக்க, ஆணும் பெண்ணும், படித்தவரும் பணக்காரரும், அவரவர் வாசலில் நின்று, அவர் வருகிற வழியைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

செருப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் அதனதன் வீட்டைக் கண்டுபிடித்து, அதனதன் காலில் ஏறிக்கொண்டது. என்னுடையதும் வந்தது. எல்லோரும் ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை நீட்டிக்கொண்டு நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். வந்தவை எல்லாம் வலது கால் செருப்புகள்.

பூதத்தான் கோயில் வாசலுக்குப் போய், யாரையும் கேட்காமல் படியில் உட்கார்ந்தார். அணைஞ்சபெருமாள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து, அந்த மெட்டை இன்னொரு தரம் ஊதும்படி கேட்டார், முதல் தடவையாக அவரிடம் 'ஊதுங்க' என்றார். பூதத்தான் நாதஸ்வரத்தைத் தரையைப் பார்க்கப் பிடித்து ஊதினார், கேட்டபடி மூன்று தரம் ஊதினார், ஏமாற்றவில்லை. ஒன்றும் வரவில்லை. ஆள் அனுப்பித் தேடியதில், இடது கால் செருப்புகள் அவர் வாசலில் இல்லை, அத்தனையும் கீழத்தெருச் சுடுகாட்டுக்குப் போய், பிரமு மண் மூடிய இடத்தைச் சுற்றி வட்டமாக நின்றன.

செருப்பு வந்துவிட்டது என்று மதுரைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கல்யாணத்தை நடத்தினோம். மதுரைச் சம்பந்திகளும் உடைமரத்தைத் தாண்டும்போது ஆளுக்கு ஒரு செருப்பை இழந்துவிட்டு, பாதி வெற்றி என்று நாங்கள் சமாதானம் சொன்னதைக் கேட்டபடி மணவறைவரை நொண்டி நடந்தார்கள். பலகையில் இப்போது வேறு வாசகம் இருக்கிறது, ஒரு பாதம் உலகத்துக்கு, ஒரு பாதம் அம்மனுக்கு என்று. வேன்கள் மறுபடி வருகின்றன. பூதத்தான் செவ்வாய்தோறும் சட்டையும் செருப்புமாக வந்து, படியில் உட்கார்ந்து வாசிக்கிறார், ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை, சொன்னால் இருக்கிற ஒன்றும் போய்விடும். அதை நாங்கள் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்கிறோம்.

போன மாதம் நான் சுடுகாட்டுக்குப் போனேன். என் செருப்பை அடையாளம் கண்டுபிடித்தேன், மூன்றாவது வரிசையில் அணைஞ்சபெருமாளின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது. குனிந்து எடுக்கக் கை வரவில்லை. அந்த மனுஷனின் காலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தின்றோம், நான் அதை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன், வேறு எப்படிச் சொன்னாலும் பொய். பிரமு செருப்புகளின் மேல் விழுந்திருந்த சருகைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், இதெல்லாம் எப்போது திரும்பி வரும் என்று அவளிடம் கேட்டேன். பெருக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். வழக்கமான அந்த 'அய்யா' அவள் வாயில் வரவில்லை.

"எங்கப்பாவோட அந்தக் காலு எந்திரிச்சு வந்து கூப்பிட்டா வரும்."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து, விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். நான் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் மண்ணுமாக மேலத்தெருவுக்குத் திரும்பினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே விந்தி விந்தி நடந்து வந்து, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.